தாங்கும் திறன்: மிகக் குறைவு

பரஞ்சோதிக்குத் தலை வலித்தது. தலை அவனுடையது, வலி அவன் மனைவியுடையது.

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, ஓட்டுநர் இல்லாத ஆட்டோவில் ஏறி, தூத்துக்குடியின் நகர்ப்புற சுகாதார நிலையம் ஒன்றுக்குள் நெற்றியைப் பிடித்தபடி நுழைந்தான். வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் சிரித்தவர்கள்தான், இப்போது பழகிவிட்டது. ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மெதுவா குடிங்கண்ணே, இந்த நேரத்துல தண்ணி நிறைய குடிக்கணும்" என்றாள். அவன் வாங்கிக் குடித்தான்.

"பரஞ்சோதி தம்பி, இன்னைக்கு என்ன?" என்று கேட்டார் செவிலியர் ஜெசிந்தா. ஐம்பது வயதிருக்கும். எதற்கும் பதறாத முகம்.

"தலைவலி சிஸ்டர். ரெண்டு மணி நேரமா இடிக்கி. தாங்க முடியல."

"கண்ணு முன்னாடி மின்னுதா?"

"இல்ல."

"மேவயிறு பிடிக்கா?"

"இல்ல. ஆனா இனிமே பிடிச்சிருமோன்னு பயமா இருக்கு."

"பயத்தையெல்லாம் உங்க கையில இருக்க காப்பு அனுப்பாது தம்பி. அது உங்க சொந்தச் சரக்கு."

ஜெசிந்தா அவன் மனைவி செண்பகவல்லிக்குப் போன் செய்து, வீட்டில் இருந்த கருவியில் பிரஷர் பார்க்கச் சொன்னார். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. அவள் காலையிலிருந்து காப்பி குடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒரு காப்பிக்காக அரை நாள் விடுப்பு எடுத்த மகராசன் என்று பரஞ்சோதி தன்னையே மெச்சிக்கொண்டு எழுந்தான். ஜெசிந்தா பதிவேட்டில் குறித்துக்கொண்டு, "நல்லது. நாளைக்கு வலிச்சாலும் வாங்க" என்றார். அவர் ஒரு தடவைகூட அவனைக் கடிந்துகொண்டதில்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொன்னால்தான் பரஞ்சோதி எப்பேர்ப்பட்ட ஆள் என்பது விளங்கும். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் அவனுக்கு வேலை. புகாரைக் கேட்பதும் பதில் சொல்வதும் எந்திரங்கள் என்று ஆகிவிட்ட காலம். ஆனால் எந்திரம் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் ஜனங்கள் வாரிய வாசலில் வந்து குடத்தை உடைத்தார்கள். அதையே மனிதன் சொன்னால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்தார்கள். ஆகவே கடைசிப் பதிலை மட்டும் ஒரு மனிதர் வாயால் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. தூத்துக்குடியில் அந்த வாய் பரஞ்சோதியுடையது. "கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா, சரியாயிரும்" என்பதை ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை, ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியதுபோலச் சொல்வான். இந்தக் கலையில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு உண்டு.

ஐந்து வருடங்களுக்கு முன்பு செண்பகவல்லியைத் தலைப்பிரசவத்துக்கு வழக்கப்படி கோவில்பட்டித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் கையில் குலுங்க, கார் ஜன்னல் வழியாக அவனுக்குக் கையசைத்துவிட்டுப் போனாள். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ரெண்டு நாளா தலை வலிக்குங்க. கண்ணு முன்னாடி பொட்டு பொட்டா மின்னுது. அம்மா தைலம் தேச்சு விட்டா, கேக்க மாட்டேங்கு."

அவன் புகார்ப் பிரிவு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். வாயில் தயாராக இருந்தது தானாக வெளியே வந்தது.

"கொஞ்சம் படுத்து எந்திரி செண்பகம், சரியாயிரும்."

மறுநாள் காலையில் பிரஷர் உச்சத்துக்கு ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. அவன் கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒன்றேமுக்கால் கிலோவில் பிறந்த கயலும் தேறி, இப்போது நான்கரை வயதில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு நாளை மட்டும் பரஞ்சோதி மறக்கவே இல்லை.

இரண்டாவது உண்டானபோது ஜெசிந்தாவிடம் வந்தார்கள். இரண்டாவது பிரசவம் புகுந்த ஊரில்தான்.

"திரும்ப வருமா சிஸ்டர்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"வந்தே தீரும்னு இல்லம்மா. ஒரு தடவ வந்தவங்கள்ல அஞ்சாறு பேருக்கு ஒருத்தருக்குத் திரும்ப வரும். உனக்குச் சீக்கிரமே வந்துருக்கு, பிட்ஸும் வந்துருக்கு. அதனால நாலு பேர்ல ஒருத்தின்னு நான் கணக்கு வச்சுக்கிடுவேன். டாக்டர் ஒரு சின்ன மாத்திரை தருவாங்க, நாள் தவறாம போடணும். அதோட இந்தக் காப்பு."

மேசையில் ஒரு மெல்லிய வளையலும், கொஞ்சம் தடித்த ஆண் காப்பு ஒன்றும் இருந்தன. வளையல் அவளுக்கு. அவளுக்குத் தலை வலித்தால், கண் மின்னினால், வயிறு பிடித்தால் அது நரம்பைப் படித்து அனுப்பும். காப்பைப் போட்டிருப்பவருக்கு அதே வலி வரும்.

"பிரஷரை மட்டும் அளந்து சொன்னா போதாதா?" என்று கேட்டான் பரஞ்சோதி. வலி என்ற சொல்லைக் கேட்டதுமே அவனுக்கு வியர்த்துவிட்டது.

"அதுவும் குடுத்துப் பாத்தாச்சு தம்பி. மாடி ஏறினா கத்துச்சு, மாமியார் வந்தா கத்துச்சு. ரெண்டே வாரத்துல அம்புட்டு பேரும் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டாங்க. நாங்க போன் பண்ணி 'தலைவலி இருக்கா'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லுவாங்க. இருநூறு பிரஷரோட நின்னு துணி காயப்போட்டவங்க இருக்காங்க. பொம்பளைங்க வலிய மறைக்கிறதுல கெட்டிக்காரிங்க. அதனால வலிய மறைக்கத் தெரியாத ஒரு ஆளு எங்களுக்கு வேணும்."

அதற்கு ஒரு தேர்வு இருந்தது. வீட்டிலிருந்து யார் யார் வந்தாலும், ஒரே தலைவலியை ஒன்றிலிருந்து பத்து வரை ஏற்றிப் பார்ப்பார்கள். யார் முதலில் கத்துகிறாரோ அவர்தான் பொருத்தமானவர். முதலில் உட்கார்ந்தவர் அவன் அத்தை வேலம்மாள், செண்பகவல்லியின் அம்மா; மகளுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தார். பத்து வரை ஏற்றினார்கள். அத்தை கடைசிவரை அவனிடம் கத்திரிக்காய் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "ஆரம்பிச்சாச்சா?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். அத்தை நிராகரிக்கப்பட்டார்.

பரஞ்சோதி இரண்டில் கத்தினான். மூன்றில் நாற்காலியிலிருந்து எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டான்.

ஜெசிந்தாவின் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மகிழ்ச்சியைப் பார்த்தான். அச்சடித்த சான்றிதழ் ஒன்று கையில் வந்தது. 'வலி தாங்கும் திறன்: மிகக் குறைவு. தகுதியானவர்.' பள்ளிக்கூடத்தில் ஓடி, குதித்து, பாடி ஒன்றிலும் பரிசு வாங்காதவன் அவன். அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினான். விருந்தாளிகளிடம் தானே காட்டினான்.

"ரெண்டு பக்கமும் ஒரு சின்னத் திருகு இருக்கு" என்றார் ஜெசிந்தா. "காப்புல இருக்கது லாரி ஓட்டுறவங்க, வெல்டிங் பாக்கவங்க வேலை நேரத்துக்குக் குறைச்சு வைக்க. வளையல்ல இருக்கது பிரசவ நேரத்துக்கு. அப்ப முழுசா அனுப்பினா கூட இருக்க ஆம்பள மயங்கி விழுந்துருவாரு. அதுவரைக்கும் ரெண்டும் பத்துலதான் இருக்கணும்."

"பிள்ளை உதைக்கிறது எனக்கு வருமா சிஸ்டர்?" என்று பரஞ்சோதி ஆசையாகக் கேட்டான்.

"அது வராது. நல்லதெல்லாம் அவளுக்கு."

நான்கு மாதம் அவன் தன் பதவியைக் குறைவில்லாமல் வகித்தான். நெஞ்செரிச்சலுக்குப் போனான். கால் வீக்கத்துக்குப் போனான். ஒரு தடவை செண்பகவல்லி கதவில் விரலை நசுக்கிக்கொண்டதற்கும் போனான். அலுவலகத்தில் அவனுக்குப் 'புள்ளத்தாச்சி' என்று பெயர் வந்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, புளிப்பு மிட்டாய் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறவனை ஊர் கொஞ்சம் மெதுவாகத்தான் கேலி செய்யும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

அது தப்புக் கணக்கு என்பது ஏழாம் மாதத்தில் தெரிந்தது. ஒரு நாள் சாப்பாட்டு வேளைக்கு அவனைக் குழாய்க் கிடங்குக்கு அழைத்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி, அதன்மேல் பட்டுத் துண்டு. ஹோட்டலிலிருந்து வாங்கி வந்த ஐந்து வகைச் சாதம் வரிசையாக இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் இசக்கிராஜ் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. மதினிக்கு இது ரெண்டாவது, வளைகாப்பு கிடையாது. உங்களுக்கு இதுதான தலைச்சன்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கன்னத்தில் சந்தனம் பூசி, குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர்களை இரண்டு கையிலும் முழங்கை வரை அடுக்கினார்கள். அவனும் சிரித்தான். வெட்கப்படுவதுபோல முகத்தை மூடிக்கொண்டு நடித்தும் காட்டினான். அதை யாரோ படம் பிடித்தார்கள். சாயந்திரத்துக்குள் அது சொந்தக்காரர்கள் போன்களையெல்லாம் சுற்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து பையிலிருந்து வாஷர்களைக் கொட்டினான். கயல் அள்ளிக்கொண்டு ஓடினாள். செண்பகவல்லி சிரிக்கவில்லை.

"ஆபீஸ்ல ரொம்ப கேலி பண்ணுதாங்களா?"

"சும்மா வெளையாட்டுக்கு. எனக்கு என்ன வந்துச்சு?"

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். ஆனால் அவனுக்கு வலித்திருந்தது. எந்தக் காப்பும் அனுப்பாத வலி. தன்னைப் பற்றித் தானே சொல்லும்போது சுவையாக இருந்த அதே விஷயம், முப்பது பேர் சேர்ந்து சொன்னபோது நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

மறுநாள் காலை அலுவலகக் கழிவறையில் நின்று காப்பின் திருகைப் பத்திலிருந்து மூன்றுக்கு இறக்கினான். லாரிக்காரர்கள் வேலை நேரத்தில் இறக்குகிறார்களே, எனக்கும் வேலை நேரம்தானே என்று ஒரு நியாயமும் தயார் செய்துகொண்டான். சாயந்திரம் ஏற்ற மறந்தான். அடுத்த நாள் மறக்கவில்லை, ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்றில் வலி கிட்டத்தட்ட இல்லை. இவ்வளவு குறையுமா என்று அவனே அசந்துபோனான். ஒரு வாரத்தில், வலி குறைந்ததற்குத் திருகு காரணம் என்பதையே மறந்து, தனக்குத் துணிச்சல் வந்துவிட்டதாக நம்ப ஆரம்பித்தான். நிமிர்ந்து நடந்தான். சுகாதார நிலையத்துக்குப் போவது நின்றது. ஜெசிந்தா போன் செய்து, "என்ன தம்பி, ஆளைக் காணோம்?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கோம்" என்றான். அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அவன் பரஞ்சோதியே இல்லை.

"இப்பல்லாம் எனக்குப் பழகிருச்சு செண்பகம்" என்று வீட்டில் பெருமையடித்தான்.

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

முப்பத்திரண்டாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் முன்பு பார்த்த பிரஷர் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. விளிம்பில் இருந்தது, தாண்டவில்லை. புகார்ப் பிரிவில் போன் ஓயவில்லை. ஒரு அம்மா நாலு நாளாகக் குழாயில் நாற்றத் தண்ணீர் வருகிறது என்று எட்டாவது தடவையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு வயித்தால போகு தம்பி. நான் பொய்யா சொல்லுதேன்?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா, சரியாயிரும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். மேலே இருந்த விளக்கு லேசாக மின்னி மின்னி எரிந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது. நெற்றியிலும் இலேசாக ஒரு கனம். மின்னும் விளக்கைப் பார்த்தால் தலை வலிக்கத்தான் செய்யும். கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு 'எங்கள் அறையில் விளக்கு மின்னுகிறது' என்று ஒரு புகாரைத் தட்டி அனுப்பினான். மூன்று நொடியில் எந்திரம் பதில் அனுப்பியது: 'பரிசோதித்தோம். விளக்கில் குறைபாடு இல்லை.'

"இந்த லைட்டு மின்னுதா இல்லையால?" என்று இசக்கிராஜிடம் கேட்டான்.

"நல்லாத்தான எரியி. உங்க கண்ணு மின்னுதோ என்னமோ."

இசக்கிராஜ் சிரித்தான். பரஞ்சோதியும் பழக்கதோஷத்தில் சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணை மூடிப் பார்த்தான். மூடிய கண்ணுக்குள்ளும் விளக்கு மின்னியது.

காப்பின் திருகைப் பத்துக்குத் திருப்பினான்.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது மேசைக்கடியில் இருந்த தரை. உச்சந்தலையைப் பிளந்து யாரோ உள்ளே சம்மட்டியால் அடித்தார்கள். வலது விலாவுக்குக் கீழே கையை விட்டு ஈரலைப் பிழிந்தார்கள். கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. அலறினான். புகார் சொல்லிக்கொண்டிருந்த அம்மா போனில், "தம்பி, என்ன ஆச்சு? யாராவது அந்தப் பிள்ளையப் பாருங்களேன்" என்று பதறிக்கொண்டிருந்தார். பரஞ்சோதி மேசைக் காலைக் கட்டிக்கொண்டு செண்பகவல்லியைக் கூப்பிட்டான்.

"என்னங்க?" என்றாள். சாதாரணக் குரல்.

"செண்பகம், தலை வலிக்கா?"

"லேசா வலிக்கி. வெயில்ல துணி எடுத்தேன்லா. அம்மா சுக்குத் தட்டிப் போடுதேன்னு சொல்லிருக்கா. நீங்க சாப்ட்டாச்சா?"

தனக்கு மூச்சே வராத இந்த வலியை வைத்துக்கொண்டு அவள் துணி மடிக்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். "கீழ உக்காரு. எந்திரிக்காத. அத்தைட்ட போனக் குடு" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனின் மறுமுனையில் இருந்து புகார் சொன்னான்.

"தலை, கண்ணு, மேவயிறு. மூணும் சிஸ்டர்."

"எப்பத்துல இருந்து?"

"காலையில இருந்து."

"காலையில இருந்து வலிக்குன்னு இப்ப சொல்லுதீங்களா? நீங்களா?"

"திருகு மூணுல இருந்துச்சு சிஸ்டர்."

அவனைக் கடிந்துகொள்ள அவருக்கு அதுவே நல்ல வாய்ப்பு. "ஆம்புலன்ஸ் வீட்டுக்குப் போகுது. நீங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

இசக்கிராஜ்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் போட்டான். வழி முழுக்க, "அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்றே சொல்லிக்கொண்டு வந்தான். இசக்கிராஜின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

நூற்றெண்பத்தாறுக்கு நூற்றுப் பதினெட்டு. வலிப்பு வராமல் தடுக்கும் ஊசி போட்டார்கள், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள், சாயந்திரம் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். உள்ளே கொண்டுபோகும்போது டாக்டர் பரஞ்சோதியின் காப்பைக் கழற்றச் சொன்னார். ஒரு மணி நேரம் அவனுக்கு எந்த வலியும் இல்லை. அவன் வாழ்நாளில் அதைவிட மோசமான ஒரு மணி நேரம் இருந்ததில்லை. அந்த ஒரு மணி நேரமும் அவன் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தான்: கண் விழிக்கும்போது அவளுக்குத் தன்னை அடையாளம் தெரிய வேண்டும்.

ஆண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். செண்பகவல்லி கண் விழித்து அவனைப் பார்த்தாள்.

"சட்டையெல்லாம் என்ன அழுக்கு? தரையில உருண்டீங்களா?" என்றாள்.

அடையாளம் தெரிந்துவிட்டது. பரஞ்சோதி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மூன்றாம் நாள் காலை ஜெசிந்தா வார்டுக்கு வந்தார். கையில் பலகைக் கணினி. பரஞ்சோதி எழுந்து நின்றான்.

"திட்டிருங்க சிஸ்டர். மூணு நாளா காத்திருக்கேன். கோழைன்னு சர்டிபிகேட் குடுத்தீங்க, அதக்கூட என்னால ஒழுங்கா காப்பாத்த முடியல. நாலு பேரு சிரிச்சாங்கன்னு வீரனாகப் பாத்தேன்."

"திட்டத்தான் வந்துருக்கேன்" என்றார் ஜெசிந்தா. "ரெண்டு பேரையும்."

கணினியை அவன் பக்கம் திருப்பினார். இரண்டு வரிகள். காப்பு: திருகு மூன்று. இருபத்தைந்தாம் தேதி காலை பத்து நாற்பது. அதற்கு மேலே இன்னொரு வரி. வளையல்: திருகு ஐந்து. இருபத்துநான்காம் தேதி மாலை ஏழு பத்து.

இருபத்துநான்கு அவனுக்கு வளைகாப்பு நடந்த நாள். மாலை ஏழு பத்துக்கு அவள் அடுப்பங்கரையில் இருந்தாள்.

பரஞ்சோதி திரும்பிப் பார்த்தான். செண்பகவல்லி போர்வையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வீடியோ அனுப்பியிருந்தாங்க" என்றாள். "கை நிறைய வாஷரப் போட்டுக்கிட்டு நீங்க சிரிச்சத பாக்க முடியல. பாதியாவது குறையட்டுமேன்னு வச்சேன். எனக்கு என்ன, பழகின வலிதான."

அவன் மனம் மெதுவாகக் கணக்குப் போட்டது. அவன் மூன்றில் வைத்திருந்தபோது வந்தது அந்தப் பாதியிலும் பத்தில் மூன்று பங்கு. அதைத்தான் துணிச்சல் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறான். அவன் பத்துக்குத் திருப்பி, மேசைக்கடியில் விழுந்து, ஊரைக் கூட்டினானே, அது பாதி. மீதிப் பாதியையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். அவன் தனக்காக இறக்கினான். அவள் அவனுக்காக இறக்கினாள். இரண்டும் சேர்ந்து அவளைக் கொன்றிருக்கும். அவனுக்கு வெட்கமாக இருந்தது. கேலியால் துடைத்துப்போட முடியாத வெட்கம்.

"பிரசவம் ஆயிட்டா தீந்துச்சுன்னு நெனைக்காதீங்க" என்றார் ஜெசிந்தா, குரலைத் தணித்து. "ஆறு வாரம் வரைக்கும் திரும்ப ஏறலாம். காப்பு கையிலயே இருக்கணும். அதுக்கப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவ இவ பிரஷரு, இருதயம் ரெண்டையும் பாக்கணும். ரெண்டு தடவ வந்தவங்களுக்குப் பிற்காலத்துல அந்தச் சீக்கெல்லாம் கொஞ்சம் சீக்கிரமா வரும். இதையும் பழகின வலின்னு விட்றாதம்மா. இப்ப எப்படி இருக்கு? தையல் வலிக்கா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நல்லாத்தான் இருக்கேன்."

பரஞ்சோதி காப்பை எடுத்து மாட்டினான். திருகைப் பத்தில் வைத்தான். "நீயும் பத்துல வையி" என்றான்.

"வேண்டாங்க. தாங்க மாட்டீங்க."

"தாங்க மாட்டேன். கண்ணாடி போட்டு மாட்டிருக்கேன்லா? வையி செண்பகம்."

அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செண்பகவல்லி வளையலின் திருகைத் தயங்கித் தயங்கி நகர்த்தினாள். ஆறில் அவன் கட்டில் கம்பியைப் பிடித்தான். எட்டில் முழங்கால் மடங்கியது. பத்தில் அவன் போட்ட சத்தத்தில் வார்டின் பதினாறு கட்டில்களும் திரும்பிப் பார்த்தன. பணியில் இருந்த செவிலியர் தட்டோடு ஓடி வந்தார்.

"யாருக்கு? என்ன?"

"தையல், சிஸ்டர்" என்றான் பரஞ்சோதி, அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "அடிவயித்துல தையல் போட்ட எடம். நெருப்பா எரியி. மூணு நாளா எரியி. உசிரு போகு சிஸ்டர்."

அந்தச் செவிலியர் அவன் வயிற்றையும் சட்டைப் பொத்தானையும் பார்த்து முழித்தார். ஜெசிந்தா கட்டிலைக் காட்டினார். "ஊசிய அங்க போடுங்க."

ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆனது. நெருப்பு மெல்ல மெல்ல அவன் வயிற்றிலிருந்து இறங்கியது. செண்பகவல்லியின் முகத்தில் புருவங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன மடிப்பு விரிந்தது. அப்படி ஒரு மடிப்பு மூன்று நாளாக அங்கே இருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

பக்கத்துக் கட்டில் பெண் தன் கணவனிடம், "நீங்களும் இருக்கீங்களே" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

பரஞ்சோதி தன் போனை எடுத்து, நாற்றத் தண்ணீர் அம்மாவின் புகாரைத் தேடி 'மிக அவசரம்' என்று மாற்றினான். பிறகு திருகு பத்தில் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்து, கட்டிலுக்குப் பக்கத்தில் அடுத்த கத்தலுக்குத் தயாராக உட்கார்ந்தான்.